புகையும் மணமும் ஒத்துக்கொள்ளாதவருக்குக் காம்பரா பார்ப்பது



காம்பரா மாற்றித் தரச்சொல்லி நலன்புரிப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பல காரணங்கள் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கூரை ஒழுகுகிறது, மகனுக்குக் கலியாணம். இவை எல்லோருக்கும் விளங்கும். இடைக்கிடை வேறு மாதிரி ஒரு கடிதமும் வரும். "பக்கத்துக் காம்பராப் புகை எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை." "மருந்து மணத்துக்கு என் மனைவிக்குத் தலை சுற்றுகிறது." "பிள்ளைக்கு ராவானால் இழுப்பு." இப்படி எழுதியவரைப் பற்றி லயத்தில் விசாரித்தால் பெரும்பாலும் ரெண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "அது சும்மா நடிப்புங்க ஐயா, வேற லயத்துக்குப் போகப் பாக்குறாங்க." மற்றது, "பக்கத்து வீட்டுக்காரியோட சண்டைங்க." உடம்பு உண்மையிலேயே தாங்கவில்லை என்ற காரணம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இம்முறை அந்தக் காரணத்தைப் பற்றித்தான் பேச எடுத்துக்கொண்டோம். புகை, மருந்து, பெயின்ட், நுளம்புச்சுருள், ஃபினைல், வாசனைச் சாமான் இவற்றில் ஏதோ ஒன்று உடம்புக்கு ஆகாதவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். தனி வீடு இருந்தால் அவர்கள் பாடு அவர்களோடு போய்விடும். லயத்தில் சுவர் பொது, கூரை பொது, காற்றும் பொது. அப்படியானால் அவர்கள் யாரோடு பக்கத்தில் இருப்பது, எந்தக் காம்பராவில் இருப்பது, ஒரே காம்பராவுக்குள் யாரோடு படுப்பது? இதை முன்கூட்டிப் பார்த்துச் செய்தால் பல ராத்திரிகள் நிம்மதியாகப் போகும். பார்க்காமல் செய்தால் மறுபடியும் ஒரு கடிதம், மறுபடியும் ஒரு சண்டை.

இது என்ன வருத்தம்?

கூடுதலானோருக்கு இது தொய்வு. இழுப்பு, முட்டு, வீசிங் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் ஒன்றுதான். நெஞ்சுக்குள் மூச்சுப் போகும் குழாய்கள் சுருங்கி, உள்பக்கம் வீங்கி, சளியும் சேர்ந்துகொள்ளும். புகை பட்டாலும், கடுமையான மணம் பட்டாலும், குளிர்காற்றுப் பட்டாலும் அது கிளம்பும். சிலருக்குப் பீனிசம், தும்மலும் மூக்கடைப்பும் விடாது. சிலருக்குக் கை வெடித்துத் தோல் அரிக்கும். சிலருக்கு மணம் பட்டவுடன் ஒற்றைத் தலையிடி.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு சாமான் இல்லை, பல சாமான் ஆகாது. மற்றவர்கள் மூக்குக்கே தெரியாத அளவு மணத்துக்கும் தலைபாரம், வாந்திக்குணம், நெஞ்சு படபடப்பு, சோர்வு என்று வரும். அமெரிக்க வைத்தியர் மார்க் கல்லன் என்பவர் 1987 இல் இதற்கு 'பல இரசாயனங்களுக்கான கூர் உணர்வு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். எப்படி இது வருகிறது என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே இன்றைக்கும் தர்க்கம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. அதற்காக அந்த மனுசி படுகிற பாடு பொய்யாகிவிடுமா? தர்க்கம் காரணத்தைப் பற்றியது. தலை சுற்றி இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியதல்ல.

ஆனாலும் ஒரு விடயத்தை அழுத்தமாகச் சொல்லவேண்டும். காம்பரா மாறுவதற்கு முன்னால் வைத்தியரைப் பாருங்கள். தொய்வு என்றால் அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. தினமும் இழுக்கும் தடுப்பு மருந்தை ஒழுங்காக இழுத்தால், முன்னே ஆகாத புகை அவ்வளவாகப் பாதிக்காமல் போகலாம். 'பம் பழகிப்போனால் விடாது' என்று பயந்து பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! அது போதைச் சாமான் அல்ல. மறுபக்கம், மருந்து இருக்கிறதுதானே என்று புகைக்குள்ளேயே இருப்பதும் சரியில்லை. ரெண்டும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வாயில் எச்சில் ஊறி, வியர்த்துக்கொட்டி, வாந்தி எடுத்து, கண்மணி சிறுத்துப் போனால் அது 'ஒத்துக்கொள்ளாமை' அல்ல, நஞ்சு. அப்போது காம்பரா பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு எடுக்கமுடியாமல், ஒரு வசனம் முழுசாகப் பேசமுடியாமல் திணறுகிறவருக்கும் அப்படித்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

லயத்துக்குள் காற்று நடக்கும் வழி

வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். முன்னால் சின்ன இஸ்தோப்பு. ஒற்றை லயமென்றால் பின்பக்கம் வெளி. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. பின்சுவரில் ஜன்னல் வைக்க இடமே இல்லை, காற்றுக்கு ஒரே வழி முன்பக்கம்தான். தகரமும் முகடும் முழு லயத்துக்கும் ஒன்று. பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது. சூடான புகை மேலே ஏறி, தகரத்தில் முட்டி, சுவருக்கு மேலால் பக்கத்துக் காம்பராவுக்குப் போய், அங்கே ஆறி, படுத்திருக்கிற பிள்ளையின் முகத்தில் இறங்கும். அடுப்பு மூட்டிய வீட்டில் கதவு திறந்திருக்கும், அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். பூட்டிக்கொண்டு படுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்குத்தான் கரைச்சல். 'எங்களுக்கு ஒண்ணும் செய்யல்லையே, உங்களுக்கு மட்டும் எப்படி?' என்று கேட்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வருத்தக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு சந்தனக்குச்சியைப் பற்றவைத்து நடுச்சுவரின் மேல் விளிம்பு ஓரமாகப் பிடித்துக்கொண்டு போங்கள். புகை எந்த இடத்தில் உங்கள் பக்கம் வளைகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியும் நேரம் ஒரு தரம், அணைந்த பிறகு ஒரு தரம் பாருங்கள். அந்த இடைவெளியைப் பலகையாலும் களிமண்ணாலும் அடைக்கலாம். பொலித்தீனைத் திணிக்கவேண்டாம், அடுப்புச் சூட்டுக்கு அது ஆபத்து. குசினிப் பக்கத்துப் புகைவழியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீர்கள். அடைத்தால் சொந்தப் புகை சொந்த வீட்டிலேயே தங்கும். குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, உயிரே போய்விடும்.

தொங்கல் காம்பரா நல்லது என்று பொதுவாகச் சொல்வோம். காரணம் விளங்குகிறதுதானே? அதற்கு ஒரு பக்கத்தில்தான் அயல். மூன்றாவது சுவரில் ஜன்னல் வைக்கவும் இடமுண்டு. ஆனால் அந்தத் தொங்கல் எந்தப் பக்கத்துத் தொங்கல் என்பதைப் பார்க்கவேண்டும். மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று. டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று. ஆகையால் ஆடியில் காற்று முதலில் வந்து படுகிற காம்பரா, தையில் முழு லயத்துப் புகையையும் வாங்கிக்கொள்ளும் காம்பராவாக மாறிவிடலாம். அதிலும் மலை வளைவுக்கு வளைவு காற்றுத் திரும்பும். அங்கே பல வருசம் இருந்த பெரியவர்களைக் கேட்டால் மாதத்தோடு சேர்த்துச் சொல்வார்கள், அதைவிட நல்ல கணக்கு வேறு இல்லை.

இன்னொன்று. காற்று அடங்கிய ராத்திரிகளில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெதுவாக வழியும். பகலில் மேலே ஏறிப்போன புகை, அந்திக்குப் பிறகு கீழ் லயத்துப் பக்கம் இறங்கி வரும். மாலையில் பனியும் புகையும் ஒன்றாகப் பள்ளத்தில் படிந்து கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே பகல் 12 மணிக்கு ஒரு காம்பராவைப் போய்ப் பார்த்துவிட்டு 'நல்ல காற்றோட்டம்' என்று முடிவு கட்டவேண்டாம். அந்தி 6 மணிக்கும், விடிய 5 மணிக்கும் போய் நின்று பாருங்கள். கொழுந்துக்குப் போகுமுன் எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரிவது விடியற்காலையில்தான்.

யாருக்கு எது ஆகாது?

இந்தப் பாடத்தில் முக்கியமாகச் சொல்லவந்தது இதுதான். 'ஒத்துக்கொள்ளாதவர்கள்' என்று ஒரு சாதியாக எல்லோரையும் ஒரே லயத்தில் சேர்த்து வைத்தால் காரியம் முடிந்துவிடாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ரஃபேல் என்ற ஊரில், இப்படிப்பட்டவர்களுக்கென்றே அரசாங்க உதவியோடு 11 வீடுகள் கொண்ட ஒரு கட்டிடம் கட்டி 1994 இல் திறந்தார்கள். மணமில்லாத சாமான்களாகத் தேடித் தேடிக் கட்டினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிவந்தவர்களில் சிலர் அந்த வீடே தங்களுக்கு ஆகவில்லை என்றார்கள். ஒருவருக்கு ஆகாத சாமான் மற்றவருக்கு ஒன்றும் செய்யாது. ஒருவருக்கு நல்லதென்று பூசிய பூச்சு மற்றவருக்குத் தலையிடி. பிறகு சுவிற்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் 2013 இல் இதே மாதிரி ஒரு குடியிருப்புக் கட்டினார்கள். அங்கே கட்டிடச் சாமானைக் கவனித்ததோடு நிற்காமல், குடியிருப்பவர்கள் புகைக்கக்கூடாது, வாசனைத் திரவியம் பூசக்கூடாது என்று வாழ்கிற முறைக்கும் விதி வைத்தார்கள்.

பெரிய காசு செலவழித்தவர்களுக்கே இந்த நிலைமை என்றால், பழைய லயத்தில் இருக்கிற நாம் எவ்வளவு கவனமாகப் பார்க்கவேண்டும்! ஒரு தோட்டத்தில் தொய்வுள்ள இரண்டு குடும்பங்களை, 'ஒருவர் கஷ்டம் ஒருவருக்குத் தெரியும்' என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தூசு ஆகாது. அதனால் தாய் தினமும் ஃபினைல் ஊற்றித் தரையைக் கழுவினாள். மற்ற வீட்டு அம்மாவுக்கு ஃபினைல் மணம்தான் ஆகாது. ரெண்டு பேரும் நல்லவர்கள், ரெண்டு பேரும் சுத்தக்காரர்கள், ஒரு மாதத்தில் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் வேறு ஒரு குடும்பத்தை வைத்த பிறகு பிரச்சினை தீர்ந்தது.

அதனால் முதல் வேலை, எந்தச் சாமான் என்று கண்டுபிடிப்பது. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து ரெண்டு கிழமைக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு இழுப்பு வந்தது, அந்த நேரம் எந்த வீட்டில் என்ன நடந்தது, காற்று எந்தப் பக்கம், மழையா வெயிலா, அன்றைக்கு மலையில் என்ன வேலை. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும். பக்கத்து வீட்டு அடுப்பைத்தான் குற்றவாளி என்று நினைத்திருப்போம். கொப்பியைப் பார்த்தால் கணவர் மருந்தடிக்கிற நாட்களில் மட்டும் வருத்தம் வந்திருக்கும். அல்லது ஈரச்சுவரில் பிடித்த பூஞ்சணமாக இருக்கும். அதற்கு அயலை மாற்றிப் பிரயோசனமில்லை, கூரை ஒழுக்கைத்தான் பார்க்கவேண்டும்.

லயத்தில் அடிக்கடி வில்லங்கம் பண்ணும் சாமான்கள்

விறகு. இதைத் தவிர்க்கமுடியாது. 2022 இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது கேஸ் அடுப்பு வைத்திருந்தவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். ஆகவே 'பக்கத்து வீட்டில் கேஸ்' என்பதை மட்டும் நம்பிக் காம்பரா எடுக்கவேண்டாம். ஈர விறகும் பச்சை மிலாறும்தான் கூடப் புகையும். கவ்வாத்து முடிந்ததும் கொண்டுவரும் மிலாறை அடுக்கி நன்றாகக் காயவைத்து எரித்தால் புகை பாதியாகக் குறைவது கண்ணுக்கே தெரியும். அனகி அடுப்பு விறகைக் குறைக்கும், ஆனால் அதில் புகைக்கூடு இல்லை. புகைக்கூடு தனியாக வைக்கவேண்டும். இதையெல்லாம் விடக் கெட்ட பழக்கம், அடுப்பு மூட்டச் சொப்பிங் பேக்கையும் பழைய செருப்பையும் டயர்த் துண்டையும் கொளுத்துவது. சுகமான ஆளுக்கே நெஞ்சை அடைக்கிற புகை அது. அதற்குப் பதில் காய்ந்த சருகும் சின்னச் சுள்ளியும் ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள்.

நுளம்புச்சுருள். மேல்மலைக் குளிரில் இது அவ்வளவு தேவைப்படாது. இரத்தினபுரி, கேகாலை, காலிப் பக்கத்துத் தோட்டங்களில் இது இல்லாமல் ராத்திரி போகாது. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் அதிலிருந்து வரும் நுண்ணிய புகைத்தூள், 75 முதல் 137 சிகரெட்டில் வருவதற்குச் சமம் என்று 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. தகப்பன் சிகரெட் பிடித்தால் திட்டுகிற நாம், பிள்ளையின் தலைமாட்டில் சுருளை வைக்கிறோம். நுளம்பு வலைக்குப் புகையில்லை, மணமில்லை, ஒருமுறை வாங்கினால் பல வருசம் வரும்.

மருந்து. தேயிலைக்குள் புல்லுக்கு அடிப்பதும், கொப்புள நோய்க்கு அடிப்பதும், லயத்தோரத் தோட்டத்தில் லீக்ஸுக்கும் கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிப்பதும் எல்லாம் மருந்துதான். பரகுவாட் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. கிளைபோசேட்டை 2015 இல் தடைசெய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதித்தார்கள். எந்த மருந்து சட்டப்படி சரி, எது சரியில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அடித்த உடுப்போடு வீட்டுக்குள் வருவதை எந்தச் சட்டமும் வந்து தடுக்கப்போவதில்லை, அது நம் கையில்தான் இருக்கிறது. தாங்கி இஸ்தோப்பில் தொங்கக்கூடாது. உடுப்பை வெளியிலேயே மாற்றி, வேறு வாளியில், வீட்டு உடுப்போடு சேர்க்காமல் கழுவவேண்டும். பீலிக்கரையில் குழந்தைத் துணி அலசுகிற இடத்துக்கு மேலே வைத்து அலசக்கூடாது. வெறும் மருந்துக் கலனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பவர்களை இன்றைக்கும் காண்கிறோம், என்ன சொல்வது!

ஆகவே மூச்சு வருத்தக்காரருக்கு அயல் பார்க்கும்போது, மருந்தடிக்கிற வீட்டுக்கு அடுத்த காம்பரா வேண்டாம் என்று சொல்வது நியாயமான கோரிக்கை. லயத்தோரம் மரக்கறி போடுகிறவர்களிடம் அடிக்கிற நாளை முதல்நாளே சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்குக் கொடியில் துணி போடாமல், ஜன்னலைப் பூட்டிக்கொள்ளலாம்.

பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் ஒரே கிழமையில் பூசுகிறோம். எண்ணெய்ப் பெயின்டும் அதில் கலக்கும் தின்னரும்தான் கடும் மணம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் அந்த மணமில்லை. கதவு ஜன்னலுக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டுமென்றால், மழையில்லாத நாளாகப் பார்த்து, கதவைத் திறந்து வைத்து அடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ரெண்டு மூன்று நாளைக்கு உறவுக்காரர் வீட்டில் போய்ப் படுக்க ஒழுங்கு செய்யலாம். புதிதாகக் காணியோடு தனி வீடு கிடைத்துப் போகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். தனி வீடு என்பது பெரிய விடுதலைதான், ஆனால் பெயின்ட் காயாத வீட்டில் அன்றைக்கே குழந்தையோடு படுக்கவேண்டாம்.

உடுப்புப் பெட்டியில் போடும் பூச்சி உருண்டையும் சில குழந்தைகளுக்குப் பொல்லாதது. பரம்பரையாக வரும் ஒருவகை இரத்தக் குறைபாடு உள்ள பச்சைப்பிள்ளைக்கு, அந்த உருண்டை வைத்த துணியைச் சுற்றினாலே இரத்தம் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். பிள்ளைப் பெட்டியில் அதைப் போடாதீர்கள்.

எப்படிச் சொல்வது?

சாமான்களைப் பற்றிப் பேசுவது சுலபம். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதுதான் கஷ்டம். 'உங்க வீட்டு மணம் எங்களுக்கு ஆகல்ல' என்று சொன்னால், கேட்பவர் காதில் அது வேறு மாதிரி விழும். எங்களைக் குறைந்தவர்கள் என்று சொல்கிறாயா, எங்கள் சாப்பாடு உனக்கு நாற்றமா, என்று பழைய காயமெல்லாம் கிளம்பும். நம் லயங்களில் இந்த வார்த்தையால் எத்தனை சண்டை வந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே மணம், நாற்றம், சுத்தம் என்ற வார்த்தைகளை எடுக்காமல், வருத்தத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். ஒரு தாய் பக்கத்து வீட்டில் இப்படிச் சொன்னார்:

"அக்கா, நான் ஒங்கள கொறை சொல்ல வரல்ல. சின்னவனுக்கு நெஞ்சு இழுக்குது, டொக்டர் ஐயா பொகையில வைக்க வேணாம்னு சொல்லியிருக்காரு. வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுற நேரம் ஒரு சத்தம் குடுத்தீங்கன்னா போதும், நான் புள்ளைய தூக்கிக்கிட்டு பீலிப்பக்கம் போயிர்றேன்."

"அதுக்கென்னா, இம்புட்டு நாளா சொல்லாம இருந்துட்டியே. இனிமே வாசல்ல வச்சே போடுறேன்."

சாம்பிராணியை நிறுத்தச்சொல்லி அவர் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கேட்டிருந்தால் சாமி காரியத்தில் தலையிட்டதாகப் போயிருக்கும். எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்லமாட்டோம். முறைத்துக்கொண்டு மறுநாள் இன்னும் கூடப் போடுகிறவர்களும் உண்டு. அப்படியானால் தனியாகப் போய் வாதாடாமல் தோட்டத்து மிட்வைவ் அம்மாவையோ, மாதர் சங்கத்தில் மூத்த ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். கசிப்பு காய்ச்சுகிற காம்பராவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குப் பேச்சு வார்த்தை சரிவராது, தலைவரிடமும் துரை ஒப்பீசிலும் சொல்லவேண்டிய காரியம் அது.

ஒரே காம்பராவுக்குள் இருக்கிற பிரச்சினை இன்னும் நுட்பமானது. மாமனார் சுருட்டுப் பிடிப்பார், மருமகளுக்கு ஆகாது. அவள் வாய் திறப்பாளா? கணவன்தான் பேசவேண்டும். "அப்பா, புள்ள பொறக்கிற வரைக்கும் இஸ்தோப்புல இல்லாம அங்கிட்டு மரத்தடியில குடிங்க" என்று மகன் சொன்னால் வீட்டுக்குள் சண்டை இல்லை. மருமகள் சொன்னால் ஊரெல்லாம் கதை. படுக்கிற இடத்தையும் மாற்றிப் பார்க்கலாம். வருத்தக்காரர் அடுப்புக்கும் நடுச்சுவர் ஓட்டைக்கும் தூரமாக, ஜன்னல் பக்கம் படுக்கட்டும். ஆனால் குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தடிக்கிற மகன் குளித்து உடுப்பு மாற்றாமல் தம்பி தங்கையோடு ஒரே கம்பளிக்குள் படுக்கக்கூடாது.

காம்பரா மாறுவதென்றால்

நீங்களாகவே பேசி மாறிக்கொள்ளவேண்டாம். காம்பரா யார் பெயரில் என்பது ஒப்பீஸ் பதிவில் இருக்கிறது. சொல்லாமல் மாறினால் பிறகு கூரை திருத்தும்போதும், புது வீட்டுப் பட்டியல் எடுக்கும்போதும் சிக்கல் வரும். கடிதத்தில் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று மட்டும் எழுதாமல், யாருக்கு, என்ன வருத்தம், எந்தச் சாமான், எந்த நேரம் என்று எழுதுங்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டுங்கள். எப்படிப்பட்ட அயல் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: சமையல் குறைந்த வயோதிபர் வீடா, குசினியைத் தனியாக வெளியில் கட்டியிருக்கிற வீடா, மருந்தடிக்காத வீடா? இவ்வளவும் எழுதியிருந்தால், வெறுமையாகக் கிடக்கும் காம்பராக்களில் எது பொருந்தும் என்று எங்களாலும் பார்த்துச் சொல்லமுடியும். வெறுமையான காம்பரா இல்லாவிட்டால், மாறிக்கொள்ள விருப்பமுள்ள வேறு குடும்பத்தைத் தேடலாம். அந்தக் குடும்பத்துக்கும் உங்கள் பழைய அயல் ஆகுமா என்று கேட்கவேண்டும்தானே.

சாவி வாங்குமுன் அந்தக் காம்பராவில் ரெண்டு ராத்திரி படுத்துப் பாருங்கள். வருத்தக்காரரே படுக்கவேண்டும், ஆனால் தனியாக அல்ல. பம்மைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கூடப் பெரிய ஆள் ஒருவர் இருக்கட்டும். வேலை நாள் ராத்திரி ஒன்று, சம்பளம் போட்ட சனிக்கிழமை ராத்திரி ஒன்று. சனிக்கிழமை ராத்திரிதான் இறைச்சி வறுப்பதும், சிகரெட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கென்று துணி அவிப்பதும் ஒன்றாக நடக்கும். அதைத் தாங்கினால் மற்ற நாட்களைத் தாங்கலாம். முன்னே இருந்தவர்கள் அங்கே மருந்துக் கலன் வைத்திருந்தார்களா, மண்ணெண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மண்தரையில் ஊறியது லேசில் போகாது. மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டு மெழுகவேண்டும். சுண்ணாம்பு அடிப்பதென்றால் குடிபோகுமுன்பே அடித்துக் காயவிடுங்கள். குடிபோகிற அன்றைக்குப் பால் பொங்குவதை வாசலில் வைத்துக்கொள்ளலாம், உள்ளே புகை வேண்டாம்.